ஓடக்கூலி

திருச்சியில், காவிரியின் தென்கரையில், சிந்தாமணியை ஒட்டி ஓடத்துறை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஓடம் இல்லை. சாலை இருக்கிறது, சாலைமேல் பஸ்ஸும் லாரியும் போகின்றன. ஓடத்துறை எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள், ஆற்றைக் காட்டமாட்டார்கள். இதே ஊரின் ரயில் சந்திப்பில், சென்னையிலிருந்து இராமேசுவரம் போகும் இரவு வண்டி ஒன்று நின்று புறப்படுகிறது. அதற்கு இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர். அதிலும் போட் இல்லை. அந்த வண்டியை விட்டு இறங்கிக் கப்பல் ஏறிய கடைசிப் பயணி 1984-ஆம் வருஷத்துக்காரர்.

இந்த இரண்டு பெயர்களையும் சிறுவயது முதல் தனித்தனியாகவே கேட்டு வந்திருக்கிறேன். ஒன்று ஊரார் வைத்தது, மற்றது ரயில்வேயோடு வந்தது. இரண்டும் ஒரே பாதையின் இரண்டு துண்டுகள் என்று எனக்குப் பட்டது 2022 செப்டம்பரில். ஸ்ரீரங்கத்தையும் நகரத்தையும் இணைக்கும், 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க அப்போது மூடினார்கள். மறு மார்ச்சில்தான் திறந்தார்கள். நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், வேலை பார்க்கும் வங்கி நகரத்தில். கால்மணிப் பயணம் முக்கால் மணியாயிற்று. ஒன்றாம் நம்பர் பஸ் சுற்றிப் போனது. பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், 'நாம இருக்கிறது தீவுங்கிறதே இப்பத்தான் சார் தெரியுது' என்றார். அவர் வயது அறுபதுக்கு மேலிருக்கும். அறுபது வருஷம் தீவில் வாழ்ந்தவருக்கு அது தீவு என்று தெரியவந்தது, கடக்கும் வழி அடைபட்டபோதுதான்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஏனெனில் தீவு என்ற சொல்லை நம் புதுக்கவிஞர்கள் கொஞ்சமாகப் பயன்படுத்தவில்லை. எழுபதுகளிலிருந்து வந்த தொகுப்புகளைப் புரட்டினால் பத்துப் பக்கத்துக்கு ஒரு தீவு தட்டுப்படும். அந்தத் தீவில் யாரும் குடியிருப்பதில்லை. தேங்காய் விளைவதில்லை, துறை இல்லை, ஓடக்காரன் இல்லை. அது கவிஞரின் மனம். தன் பிரக்ஞையோடு தனித்து விடப்பட்ட மத்தியதர வர்க்கத்துப் பட்டதாரியின் மனம். கல்லூரியில் ஜான் டன்னைப் படித்து, அவர் மறுத்ததையே உண்மையென எடுத்துக்கொண்டவர்கள் நாம். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன்தான். என் பழைய நோட்டுகளிலும் இரண்டு தீவுகள் இருக்கின்றன. ஆகவே இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் தீவு தனிமையின் உருவகம் ஆவதற்கு முன்னால் ஒரு நிலப்பரப்பாக இருந்தது. அதை அடைய ஒருவன் கூலி கொடுத்தான். அல்லது, கொடுக்கக் காசில்லாதபடியால் தன்னையே கொடுத்தான். இந்தக் கட்டுரை அந்தக் கூலியைப் பற்றியது.

1

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். இரண்டும் கிழக்கே போய்க் கல்லணைப் பக்கம் மீண்டும் ஏறத்தாழத் தொட்டுக்கொள்கின்றன. இடையில் கிடக்கும் நீள நிலம்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் இருக்கும் தீவு. கொள்ளிடம் தாழ்ந்த படுகை. காவிரியின் நீரையெல்லாம் அதுவே குடித்துவிடும் நிலை வந்ததால், ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணையைக் கட்டத் தொடங்கினார். இந்தத் தீவு கடவுள் போட்ட கோடு அல்ல. நூறாண்டுக் கணக்கில் மனிதர்கள் ஆற்றோடு நடத்திவரும் பேரம். பேரம் எப்போதும் நம் பக்கம் முடிவதில்லை. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டு போயின. அதே மாதம், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அடுத்த நாள் ஊரே கரையில் நின்று பார்த்தது. நானும் போனேன். ஆறு அத்தனை அகலம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

1934-இல் மேட்டூர் அணை வருவதற்கு முன் ஆற்றுக்கு இரண்டு குணம். கோடையில் மணல், நடந்தும் மாட்டுவண்டியிலும் கடக்கலாம். ஆடியில் நீர் வந்தால் ஓடமும் பரிசலும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலம் வந்த பிறகு ஜட்கா வண்டிக்காரர்கள் இந்தப் போக்குவரத்தை எடுத்துக்கொண்டார்கள், பிறகு பஸ். பாலம் ஓடத்தை ஒழித்தது என்பதைவிட, பாலம் ஆற்றை மறக்க வைத்தது என்பதே சரி. ஓடத்தில் போகிறவன் நீரோட்டம், காற்று, ஓடக்காரனின் மனநிலை மூன்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். தன் உயிர் இன்னொருவன் கையிலிருக்கும் துடுப்பில் இருக்கிறது என்ற நினைவு அந்தப் பத்து நிமிஷமும் அவனை விட்டு அகலாது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகிறவனுக்கு அந்த நினைவு தேவையில்லை. சில்லறை இருந்தால் போதும்.

இந்தத் தீவைக் கோட்டை என்று நம்பியவர்களும் உண்டு. 1752-இல் திருச்சியை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படையின் தலைவன் ழாக் லா, ஆங்கிலப் படைக்குத் துணை வந்து சேர்ந்ததும் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குள் ஒதுங்கினான். சந்தா சாகிபும் உடன் இருந்தான். சுற்றிலும் நீர், உள்ளே மதிலுக்குள் மதிலாகக் கோயில். இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்? கிளைவ் வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் முகாமிட்டான். புதுச்சேரியிலிருந்து வரவேண்டிய உதவி நின்றது. ஜூன் மாதம் லா சரணடைந்தான், சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் கனவு கலையத் தொடங்கிய இடங்களில் ஒன்று இந்தத் தீவு. இதில் போர்த் தந்திரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: தீவு காப்பா, சிறையா என்பதைத் தீவு தீர்மானிப்பதில்லை. துறைகள் யார் கையில் என்பது தீர்மானிக்கிறது.

2

இந்தத் தீவுக்கு ஒரு மூலக் கதை உண்டு, எல்லோருக்கும் தெரிந்தது. இராமன் தன் குலதெய்வத்தை விமானத்தோடு விபீஷணனுக்குக் கொடுத்தான். விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப் போகும் வழியில் காவிரிக்கு நடுவே இறக்கி வைத்தான். பிறகு எடுக்க முடியவில்லை. கலங்கியவனுக்காகப் பெருமாள் தெற்கு நோக்கி, இலங்கையைப் பார்த்தபடி, பள்ளிகொண்டார். அக்கரையில் மலைமேல் இருக்கும் பிள்ளையாருக்கும் இதே கதையில் பங்கு உண்டு. விமானத்தைத் தரையில் வைத்த சிறுவன் அவர்தான், விபீஷணன் குட்டிய குட்டு இன்னும் தலையில் இருக்கிறது என்பார்கள்.

இக்கதையை பக்தியோடும் கேட்கலாம், நாட்டார் கதையாகவும் ஆராயலாம். வரைபடமாக யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அயோத்தியிலிருந்து இலங்கைக்கு ஒரு பயணம். அது பாதியில், ஓர் ஆற்றுத் தீவில், நின்றுபோகிறது. திருச்சிராப்பள்ளியும் ஸ்ரீரங்கமும் தங்கள் பிறப்பை ஒரு நின்றுபோன பயணத்தில் வைத்துச் சொல்லிக்கொள்கின்றன. தெய்வம் போகவேண்டிய இடம் இன்னும் பாக்கி இருக்கிறது; அதனால்தான் பார்வை அந்தத் திசையில். ஸ்ரீரங்கத்திலிருந்து தெற்கே கோடு போட்டால் பாம்பன் தீவு, மணல் திட்டுகள், மன்னார்த் தீவு, இலங்கை. ஆற்றில் ஒரு தீவு, கடலில் மூன்று. புராணக்காரனுக்கு இந்தச் சங்கிலி தெரிந்திருந்தது. அந்தச் சங்கிலி வழியே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதால்தான் தெரிந்திருந்தது.

இன்னொரு கதையும் இருக்கிறது. இதை உபந்நியாசங்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை. திருமங்கையாழ்வார் கோயில் மதிலைக் கட்டி முடித்தார். வேலை செய்தவர்கள் கூலி கேட்டார்கள். கையில் பொருள் இல்லை. பொருள் அக்கரையில் இருக்கிறது, ஓடத்தில் ஏறுங்கள் என்றார். சீடர் ஓடத்தைச் செலுத்தினார். நடுக் கொள்ளிடத்தில் ஓடம் கவிழ்ந்தது; கவிழ்க்கப்பட்டது. உறவினர் வந்து அழுதபோது, மாண்டவர்கள் தாங்கள் பரமபதத்தில் இருப்பதாகக் குரல் கொடுத்துச் சமாதானம் சொன்னார்கள். கூலிக்குப் பதில் மோட்சம். கூலியை விட மோட்சம் பெரிது என்பது வியாக்கியானம்.

இதை வரலாறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்வாரைக் கூண்டில் ஏற்றுவதும் என் நோக்கமல்ல. அவர் பாசுரங்களின் முன் நான் மாணவன்தான். ஆனால் ஒரு மரபு தன் நினைவில் இப்படி ஒரு கதையை வைத்திருக்கிறது. பெரிய மதிலைப் பார்த்த ஏதோ ஒரு தலைமுறைக்கு, இதைக் கட்டியவர்களுக்குக் கூலி முழுதாகக் கொடுத்திருப்பார்களா என்ற சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். சந்தேகத்தை நேராகச் சொல்ல முடியாது. அதனால் அதை ஓடத்தில் ஏற்றி, கவிழ்த்து, பிறகு குரலாக எழுப்பினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மோட்சத்தைவிட நிஜமானது, கூலி வாங்கத்தான் போகிறோம் என்று நம்பி அவர்கள் ஓடத்தில் ஏறிய கணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஜில்லா மறுபடியும் அந்தக் கணத்துக்கு வந்து சேர்ந்தது.

3

1830களுக்குப் பிறகு இலங்கையின் மலைகளில் காடழித்துக் காப்பி போட்டார்கள். காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை. வேலைக்கு ஆட்கள் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து போனார்கள். போன வழி, விபீஷணன் போகவேண்டிய வழியேதான். ஊரிலிருந்து தெற்கே நடை. கடற்கரையில் தோணி. மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மறுபடி நடை. மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல். தண்ணீர் இல்லாத காடு, பேதி, காய்ச்சல். 1840களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே தகராறு உண்டு. வழியோரம் எலும்புகள் கிடந்தன என்பதில் தகராறு இல்லை. 1864-இல் ஆதிலட்சுமி என்ற கப்பல், தோட்டத்துக்குப் போன 120 பேரோடு மூழ்கியது என்று மலையகத்தார் இன்றும் சொல்கிறார்கள். இந்த ஓடத்திலிருந்து எந்தக் குரலும் எழுந்து உறவினரைச் சமாதானப்படுத்தியதாகக் கதை இல்லை.

இதில் திருச்சியின் பங்கு நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. தோட்ட முதலாளிகள் 1904-இல் சிலோன் லேபர் கமிஷன் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் தலைமை அலுவலகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. காரணம் எளியது. ஆள் எடுக்கும் ஜில்லாக்களுக்கு நடு இடம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் இங்கே. தெற்கு நோக்கிய பெருமாளின் ஊருக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்து, சிலர் ஆட்களைத் தெற்கே அனுப்பும் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கு முறையைப் பற்றி வங்கி குமாஸ்தா என்ற முறையில் கொஞ்சம் விவரமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 1900களின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் அடையாள எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் காட்டினால் ரயிலிலும் முகாமிலும் கப்பலிலும் பணம் கேட்கமாட்டார்கள். வில்லையைக் கட்டிக்கொண்டு திருச்சி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் புறப்பட்டவனை, ஒரு வார்த்தை பேசாமலே, கண்டி மலையில் குறிப்பிட்ட ஒரு தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பார்சல் போல. பார்சலுக்கு ஆகும் செலவு அனுப்புகிறவன் தலையில். இங்கே, பார்சலின் தலையிலேயே. ரயில் கட்டணம், முகாமில் போட்ட சோறு, கப்பல் கூலி எல்லாம் தோட்டத்தின் பேரில் எழுதப்பட்டு, தோட்டத்திலிருந்து கங்காணியின் பேருக்கும், கங்காணியிடமிருந்து ஆளின் பேருக்கும் வந்து சேரும். மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே அவன் கடனாளி. ஓடக்கூலிதான் அவன் முதல் கடன்.

இன்னொரு காகிதம் துண்டு எனப்படுவது. ஓர் ஆளை, அல்லது ஒரு கங்காணியின் ஆட்கள் முழுவதையும், இன்ன தொகையைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவான். அங்கே தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கூடுதல் கடனோடு. எங்கள் தொழிலில் ஒரு வங்கிக் கடனை இன்னொரு வங்கி ஏற்றுக்கொள்வது தினசரி நடக்கிற காரியம். அங்கே ஈடு கூடவே நடந்துபோனது, அதற்குப் பசித்தது, அதற்குப் பிள்ளை பிறந்தது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

கூலி என்ற நம் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். தமிழில் அது வேலைக்குக் கிடைக்கும் பணம். இந்தப் பயணங்களில் அது பணத்தை விட்டு நழுவி ஆளின்மேல் ஒட்டிக்கொண்டது. கப்பல் பதிவேட்டில் கூலி என்றால் மனிதன். வாங்க வேண்டியதே வாங்க வந்தவனின் பெயராகிவிட்டது. இந்த அர்த்தப் பெயர்ச்சியைவிடக் கனமான ஒரு படிமத்தை நம் கவிஞர்கள் யாரும் உண்டாக்கியதில்லை.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் கடல். தலைமன்னாரில் மறுபடி ரயில். அதுதான் போட் மெயில். கப்பல்களுக்குக் கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னால் இர்வின், கோஷன். ஒரே கப்பலில் மேல்தட்டில் துரைகளும் வியாபாரிகளும் யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர்களும். கீழ்த்தட்டில் தகர வில்லைக்காரர்கள். மேல்தட்டுக்காரர்கள் ரயிலிலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குப் போனார்கள். கீழ்த்தட்டுக்காரர்கள் அதற்கு முன் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அம்மை குத்தி, மருந்து கொடுத்து, நோயில்லை என்று உறுதியான பிறகே கடல். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தீவு, கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே அவர்களுக்குத் தொடங்கிவிட்டது.

4

1939-இல் இந்திய அரசு, தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடுத்தது. 1948-இல் இலங்கை, குடியுரிமைச் சட்டத்தின் மூலம், மலையில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30-ஆம் தேதி. சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-இல் பேசினார்கள்: ஆளுக்கு 75,000. ஐந்தொகையில் இரண்டு பக்கமும் சமமானால் எங்களுக்கு நிம்மதி வரும். அந்த நிம்மதி இந்த எண்களில் தெரிகிறது.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயில், நூறு பேருக்கு மேல் பயணிகளோடு, கடலில் போயிற்று. தனுஷ்கோடி ஊராக இருப்பது அன்றோடு முடிந்தது. ஐந்தேகால் லட்சம் பேர் திரும்பி வரவேண்டும் என்று தீர்மானித்த அதே வருஷத்தில், அவர்கள் போன வழி அழிந்தது.

ஆயினும் வந்தார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் விட்டார்கள். அந்தக் கப்பலின் பெயர் இராமானுஜம். ஸ்ரீரங்கத்துக்காரன் இந்தப் பெயரை மற்றக் கப்பல்களின் பெயரைப்போலக் காதில் வாங்கிக்கொண்டு போக முடியாது. எதிராஜரின் திருமேனி இருக்கும் ஊர் இது. கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னவர் என்று அவரைப் பற்றி நாங்கள் சிறுவயதில் கேட்ட கதையும், மலைமேல் பிறந்து மலைமேல் வளர்ந்து, பார்த்தேயிராத தாய்நாட்டுக்குத் தகரப்பெட்டியோடு வந்து இறங்கியவர்களும் ஒரே பெயரில் சந்திக்கிறார்கள். இராமேசுவரத்திலிருந்து மண்டபம், பழைய அதே முகாம், இப்போது எதிர்த் திசையில். மண்டபத்திலிருந்து ரயிலில் பல ஊர்களுக்கு. அவற்றில் ஒன்று திருச்சி. விமான நிலையத்துப் பக்கம் கொட்டப்பட்டு. கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று சிலர் மறுபடி மலையேறினார்கள். 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சிலருக்கு வேலை கிடைத்தது. பலருக்குத் தொழில் கடன் கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளுவது தவிர வேறு தெரியாதவனிடம் பெட்டிக்கடை வைக்கச் சொல்லிக் கடன். அதைப் பாதி வழியில் வாங்கித் தின்றவர்கள் இங்கிருந்த தமிழர்கள்தான்.

கடனோடு போனார்கள்; கடனோடு திரும்பினார்கள். இரண்டு தடவையும் ஓடக்கூலி அவர்கள் கணக்கில்.

1984-இல் இராமானுஜமும் நின்றது. யுத்தம். அதற்குப் பிறகு கடலைக் கடந்தவர்கள் இரவில், கள்ளத் தோணியில் வந்த அகதிகள். மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக நிரம்பியது, கொட்டப்பட்டும் நிரம்பியது. யுத்தம் 2009-இல் முடிந்த பின்னும் வழி திறக்க வெகுகாலம் ஆயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். அதில் போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள். போட்டும், நல்லது. ஆனால் இராமேசுவரம்–தலைமன்னார்ப் பாதை, நான்கு தீவுகளைக் கோத்த அந்தச் சரடு, அறுந்தது அறுந்ததுதான்.

5

இத்தனைக்கும் நம் இலக்கியம் என்ன செய்தது? பாரதி பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தன் முப்பதுகளில் துன்பக்கேணியை எழுதினார். அதில் கங்காணியும் இருக்கிறான், தோட்டமும் இருக்கிறது, உடம்பு அழுகிச் சாகும் பெண்ணும் இருக்கிறாள். அக்கரையில் மலையகத்து எழுத்தாளர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள், சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். இக்கரையில் புதுமைப்பித்தனுக்குப் பிறகு நவீனத்துவம் என்ற பெயரில் நாம் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் அந்தக் கீழ்த்தட்டு எத்தனை வரியில் வருகிறது? ஆள் அனுப்பிய அலுவலகம் எங்கள் ஊரில் இருந்தது. திரும்பியவர்கள் எங்கள் ஊரில் இறங்கினார்கள். நாங்கள் அப்போது காஃப்காவை வாசித்துக்கொண்டிருந்தோம். அடையாளம் இழந்து, ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குக் காகிதத்தோடு அலையும் மனிதனைப் பற்றி வியந்துகொண்டிருந்தோம். அவன் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

உள்ளடக்கம் முற்போக்காக இருந்தால் போதும் என்ற கட்சியில் நான் சேரவில்லை. அந்தக் கட்சியாரின் கோஷக் கவிதைகளில் வரும் கூலிக்காரன், நம் கவிதையில் வரும் தீவைப்போலவே ஆளில்லாதவன். நான் சொல்வது உருவகத்தின் நேர்மை பற்றி. தீவு தனிமை என்றால், அந்தத் தனிமையை உண்டாக்கியது யார் என்ற கேள்வி அந்தப் படிமத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நிலத்தைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் அது தனித்துவிடுவதில்லை. ஓடம் நின்றால் தனித்துவிடும். துறையை ஒருவன் பிடித்துக்கொண்டால், ஓடக்கூலியைக் கடனாக எழுதினால், நீ எந்தக் கரைக்காரன் என்று சட்டம் கேட்டால் தனித்துவிடும். இது தெரியாமல் எழுதுகிறவனின் தனிமை, பாலம் இருக்கும் தீவில் சௌகரியமாக இருந்துகொண்டு அனுபவிக்கும் தனிமை. என்னுடையதும் அதுதான்.

ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பாலம் மூடியிருந்த அந்த மாதங்களில் ஒரு நாள், கவுண்டரில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். கணக்கைப் புதுப்பிக்க வேண்டும், படிவத்தில் விவரங்கள் கேட்டிருந்தது. எழுத வராது என்றார். நான் கேட்டுக்கேட்டுக் கணினியில் பதிந்தேன். பிறந்த ஊர் என்ற இடம் வந்தது.

'தலவாக்கலைங்க தம்பி.'

'அது எங்கம்மா இருக்கு?'

'அது அக்கரையில. நாங்க வந்து எறங்குனது ராமானுசம் கப்பல்ல. எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அம்மா வர்ற வழியெல்லாம் வாந்தி எடுத்துச்சு.'

பையிலிருந்து ஒரு குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் என்று பதிந்தால் அதற்குத் தனிப் படிவங்கள், தனிச் சான்றுகள், மேலிடத்து அனுமதி. குறைந்தது இன்னும் மூன்று தடவை அவர் அலைய வேண்டும். அலையவிட வேண்டாம் என்று நினைத்தேன். என் வேலை குறையும் என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறந்த ஊர், திருச்சிராப்பள்ளி என்று தட்டினேன். கணினி ஏற்றுக்கொண்டது. கைநாட்டு வாங்கினேன். 'நல்லா இருப்பீங்க' என்று சொல்லிவிட்டு, அட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை பஸ் சுற்றிக்கொண்டு புறவழிச்சாலைப் பாலத்தில் ஏறியபோது ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. தகர வில்லையில் எண் பொறித்தவனும் என்னைப்போல ஒரு குமாஸ்தாதான். அவனுக்கும் வரிசை நீண்டிருந்திருக்கும். பதிவைத் திருத்த வழி உண்டு. மனுவை வாடிக்கையாளரே நேரில் வந்து தரவேண்டும் என்பது விதி. அவர் இன்னும் வரவில்லை.